தோற்றம், மறைவு: பம்பாயின் பழைய படங்களும் தாராவியும்

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் பரவியிருப்பதை மருத்துவர் அகாசியோ வியேகஸ் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் தளபதி கட்டாக்கர் தலைமையில் பிளேக் குழு அமைந்தது. அக்காலத்தில் கேப்டன் மாஸ் எடுத்ததாகக் குறிக்கப்படும் படங்கள் இன்று லண்டனின் வெல்கம் சேகரிப்பில் காணக் கிடைக்கின்றன. வீடு வீடாகச் சோதனை, நீர் பீய்ச்சி வீடுகளைக் கழுவும் எந்திரம், தற்காலிக மருத்துவமனையின் கட்டில் வரிசை ஆகியவை அவற்றில் பதிவாகியுள்ளன. அதுவரை பெரும்பாலும் மாளிகைகளையும் சாதி, தொழில் 'மாதிரி'களையும் தேடிச்சென்ற நிழற்படக் கருவி, உழைப்பாளர் குடியிருப்புக்குள் நோய்த் தடுப்பு அலுவலரோடு நுழைந்தது. படக்குறிப்புகள் செயலைச் சொல்கின்றன. படத்தில் இருக்கும் எளிய மனிதருக்குப் பெரும்பாலும் பெயரில்லை.

பிளேக்கின் விளைவாக 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை உருவானது. அது வகுத்த தாதர்–மாதுங்கா திட்டத்தில் அகன்ற சாலைகளும் அளவிடப்பட்ட மனைகளும் எழுந்தன. எழுத்தர், தட்டச்சர், கணக்கர் பணிகளுக்கு வந்த தென்னிந்தியர், குறிப்பாகத் தமிழ்ப் பிராமணர், அங்குக் குடியேறினர். கழிப்பறையைத் தன்னுள்ளேயே கொண்ட அடுக்ககத்தில் வாழப் பழகியதும் 'தென்னிந்தியர்' என்ற அடையாளம் திரண்டதும் அங்கு ஒருங்கே நிகழ்ந்ததை நிகில் ராவ் 2013இல் வெளியான தம் நூலில் விளக்குகிறார். 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றியது. நிறுவனம் இருக்குமிடத்தில் ஆண்டு மலர் இருக்கும். மலர் இருக்குமிடத்தில் படத்துக்கு அடியில் பெயரும் நாளும் இருக்கும்.

தண்டவாளத்துக்கு மேற்கே உள்ள தாராவியின் கதை வேறு. மீனவரான கோலியரின் பெருங்குடியிருப்புகள் ஆறனுள் ஒன்றாக 1909ஆம் ஆண்டின் பம்பாய் விவரச்சுவடி அதனைக் குறிப்பிடுகிறது. நகரம் தன் நடுவில் வைத்துக்கொள்ள விரும்பாத தோல் பதனிடும் தொழில் இந்தச் சதுப்பு விளிம்பில் வேரூன்றியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிடரும் முஸ்லிம்களும் அத்தொழிலில் உழைத்தனர். சதுப்பை மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டியவர்களும் குடியேறியவர்களே. மாதுங்காவுக்கு வரைபடம் முதலில் வந்தது, மக்கள் பின்னர் வந்தனர். தாராவியில் இவ்வரிசை தலைகீழானது. ஒரே மொழி பேசிய இரு குடியிருப்புகளைத் தண்டவாளம் மட்டும் பிரிக்கவில்லை, சாதியும் பிரித்தது.

அரசின் கருவி குடிசைவாசிகளை நோக்கி மீண்டும் பெருமளவில் திரும்பியது 1976இல். அவ்வாண்டின் குடிசைக் கணக்கெடுப்பைத் தொடர்ந்து மும்பையில் 'போட்டோ பாஸ்' வழங்கப்பட்டது. இடிப்பு வரும்போது நீட்டிக் காட்டவேண்டிய சான்று அது. 1897இல் வீடு ஐயத்துக்குரிய பொருளாகப் படமானது. 1976இல் மனிதர் தம் இருப்பை மெய்ப்பிக்கவேண்டியவராகப் படமானார். இரண்டும் அரசின் தேவைக்காக எடுக்கப்பட்டவை.

தமிழ் வீடுகளின் சுவரில் தொங்குவது மூன்றாவது வகை. ஸ்டுடியோவின் வரைதிரைக்கு முன் நிற்கும் மணமக்கள். மாலையிட்ட மூத்தவரின் படம். அதன் அடியில் 'தோற்றம்', 'மறைவு' என இரு நாள்கள். ஆவணக் காப்பகம் எளியவர்க்குத் தராத பெயரையும் காலத்தையும் குடும்பமே எழுதி வைத்துள்ளது. படத்தின் பின்புறக் குறிப்புகளில் ஊர்ப்பெயரோடு உறவுப்பெயரும் வருவதுண்டு. 'சின்ன மச்சான்' யாருக்கு மச்சான் என்பதை அவ்வீட்டார் மட்டுமே விளக்க இயலும். ஆகவே படத்தை நகலெடுப்பதோடு பணி முடிவதில்லை. சொல்பவரின் குரலும் ஆவணத்தின் பகுதியே.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் அவ்விடத்திலேயே வீடு பெறும் தகுதி, 2000 ஜனவரி 1ஆம் நாளை எல்லையாகக் கொண்டு தாள்களால் அளக்கப்படுகிறது. சுவர்ப்படம் அத்தாள்களில் ஒன்றன்று. ஆனால் சுவர் இடியும்போது முதலில் இடம்பெயர்வது அதுவே. மும்பைத் தமிழர் வரலாற்றை ஆராயும் மாணவர், வீட்டாரின் இசைவுடன் படத்தின் முன்புறம், பின்புறம் இரண்டையும் பதிவு செய்யட்டும். படக்குறிப்பை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதட்டும். இச்சிறு ஒழுங்கு கடைப்பிடிக்கப்படாவிடில், நாளைய காப்பகத்திலும் தாராவியின் மனிதர் பெயரின்றியே நிற்பர்.