எடைக்குப் போகும் அச்சு இயந்திரங்கள்

சில மாதங்களுக்கு முன், மூடப்பட்ட ஓர் அரசு அச்சகத்தின் பழைய இயந்திரங்கள் ஏலத்துக்கு வருவதாகக் கேள்விப்பட்டோம். பார்வையிடும் நாளன்று நான்கு பேராகப் போனோம். எங்கள் படிப்பு மையத்துக்குச் சொந்தமாக ஓர் இயந்திரம் வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கூட வந்த கல்லூரித் தோழர் ஒருவர், "கையில போன் இருக்கு, இந்த இரும்பு எதுக்கு?" என்றார். அங்கே பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறோம்.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியபோது அவரிடம் அச்சகம் கிடையாது. கையில் இருந்த சொற்பப் பணத்தில் அடித்த முதல் இதழ் இரண்டே நாளில் நானூறு பிரதி போல விற்றதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். எழுத்தறிவே மறுக்கப்பட்ட மக்களிடையே இது நடந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். மாத இதழ் வார இதழானது. சுமார் இரண்டு ஆண்டில் சொந்த அச்சகமும் வந்தது. 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையில் இருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். விலை பெயரிலேயே இருக்கிறது. வாரம் தவறாமல் புதன்கிழமை வர வேண்டிய இதழுக்கு அடுத்தவர் அச்சகம் எத்தனை நாள் தாங்கும்? கௌதம அச்சகம் அந்தத் தேவையில் பிறந்ததுதான்.

பம்பாயிலும் இதே கதை. 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கரின் 'மூக்நாயக்' வந்தது. சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்தார். திலகர் தொடங்கிய 'கேசரி'யோ, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது. காசிருந்தாலும் அடுத்தவன் இயந்திரம் நமக்காக ஓடாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டவில்லை. பிறகு அவர் பாரத் பூஷண் அச்சகத்தை நிறுவினார். அது பின்னாளில் புத்த பூஷண் ஆயிற்று. தாதரில் அந்தக் கட்டடம் 2016 ஜூனில் ஓர் அதிகாலையில், அம்பேத்கர் பவனோடு சேர்த்து இடிக்கப்பட்டது.

இயந்திரம் வாங்கினால் மட்டும் போதாது என்றது வெள்ளைக்காரன் சட்டம். 1910 அச்சுச் சட்டப்படி, மாஜிஸ்திரேட் விலக்கு அளித்தாலொழிய, புதிதாக அச்சகம் வைப்பவர் 500 முதல் 2,000 ரூபாய் வரை பிணைத்தொகை கட்ட வேண்டும். எழுதியது பிடிக்காவிட்டால் அது பறிபோகும். அந்தக் காலத்து ஐந்நூறு ரூபாயைச் சேரியில் எத்தனை குடும்பம் சேர்ந்து புரட்டியிருக்க முடியும்?

ஏலத்துக்கு வருவோம். 2017 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 17 அரசு அச்சகங்களை ஐந்தாகச் சுருக்க ஒப்புதல் கொடுத்தது. கோவை அச்சகத்தை நாசிக்கோடு இணைப்பதும் அதில் ஒன்று. இப்படி மூடும் இடங்களில் மிஞ்சும் தளவாடங்கள் ஏலத்துக்குப் போகின்றன. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய இயந்திரம் இது. ஆனால் ஏலத்தில் நிற்க இணையப் பதிவு, பான், ஜிஎஸ்டி எண், முன்வைப்புத் தொகை எல்லாம் வேண்டும். 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்பது நிபந்தனை. ஓடுமா என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். குறித்த நாளுக்குள் கிரேன் வைத்துத் தூக்காவிட்டால் தரை வாடகை.

நாங்கள் பார்த்த இடத்தில் மூலையில் ஒரு டிரெடில் நின்றது. காலால் மிதித்து ஓட்டலாம், மின்சாரமே வேண்டாம். துடைத்து எண்ணெய் விட்டால் ஓடும் என்றார் எங்களோடு வந்த ஓய்வுபெற்ற கம்பாசிட்டர். தனியாகத் தர முடியாதாம். ஆஃப்செட், கட்டிங் மெஷின், ஈய எழுத்துப் பெட்டிகள் எல்லாம் ஒரே லாட். கீழே கிடந்த ஒரு 'ப'வைத் தோழர் கையில் எடுத்தார். "வச்சிடுங்க தம்பி, அதுவும் எடையில சேரும்" என்றார் காவலாளி. அவர்மேல் குற்றமில்லை. வந்திருந்த மற்றவர்கள் எல்லாரும் பழைய இரும்பு வியாபாரிகள். எத்தனை டன் தேறும் என்பதுதான் அவர்கள் பேச்சு.

நாங்கள் ஏலம் கேட்கவில்லை, முன்வைப்புத் தொகைக்கே வழியில்லை. ஓடும் நிலையில் உள்ள இயந்திரங்களைத் தனித்தனி லாட்டாகப் பிரிக்க வேண்டும், பட்டியல் சாதி மாணவர் விடுதிகளுக்கும் நூலகங்களுக்கும் குறைந்த விலையில் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. டிரெடில் போய்விட்டது. கம்பாசிட்டர் ஐயா ஞாயிற்றுக்கிழமைகளில் மையத்துக்கு வந்து, எழுத்துக் கோக்கும் வேலையைக் கரும்பலகையில் வரைந்து சொல்லிக்கொடுக்கிறார்.