பாதுகாப்பான ஊசி மருந்தேற்றல்

பாதுகாப்பான ஊசி மருந்தேற்றல் என்பது மருந்தைப் பெறும் நோயாளிக்குத் தீங்கு செய்யாததும், ஊசி போடும் செவிலியரைத் தவிர்க்கக்கூடிய இடருக்கு உள்ளாக்காததும், சமூகத்திற்கு ஆபத்தான கழிவுகளை விட்டுச் செல்லாததுமான முறையாகும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை இந்த மூன்று கூறுகளைக் கொண்டது. மருத்துவமனைகளில் பெரும்பாலான ஊசிகளைச் செவிலியர்களே போடுவதால், இதன் பொறுப்பும் இடரும் அவர்களையே அதிகம் சேர்கின்றன.

வரலாறு

முன்னர் கண்ணாடிச் சிரிஞ்சுகளே பயன்பாட்டில் இருந்தன. அவற்றை வெந்நீரில் கொதிக்க வைத்து மீண்டும் பயன்படுத்துவது வழக்கம். கொதிக்க வைப்பது நீராவி அழுத்தக்கலத்தில் கிருமி நீக்குவதற்கு ஈடாகாது. எகிப்தில் 1950கள் முதல் 1980கள் வரை நத்தைக் காய்ச்சலுக்கு எதிராகப் பெருந்திரளான மக்களுக்கு ஊசி போடப்பட்டது. சரிவரக் கிருமி நீக்கப்படாத கண்ணாடிச் சிரிஞ்சுகளால், அந்நாட்டில் கல்லீரல் அழற்சி சி பரவலாகத் தொற்றியது. இந்தியாவில் 1986 இல் சென்னையில் எச்.ஐ.வி தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் பின் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நெகிழிச் சிரிஞ்சுகள் பரவின. எனினும் அவற்றையும் மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை.

இந்தியாவில் நிலை

2000களின் முற்பகுதியில் நடந்த நாடு தழுவிய ஆய்வு ஒன்று, ஆண்டுக்கு ஏறத்தாழ 300 கோடி ஊசிகள் போடப்படுவதாகவும், அவற்றுள் சுமார் 63 விழுக்காடு பாதுகாப்பற்றவை எனவும் மதிப்பிட்டது. 2009 இல் குசராத்தின் மோடாசா பகுதியில் கல்லீரல் அழற்சி பி பரவிப் பலர் இறந்தனர். பயன்படுத்திய சிரிஞ்சுகளின் மறுபயன்பாடே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 2018 தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் பலருக்கு எச்.ஐ.வி இருப்பது தெரியவந்தபோதும் இதே ஐயம் எழுந்தது.

வழக்கமான தவறுகள்

ஊசியை மட்டும் மாற்றிவிட்டு அதே சிரிஞ்சைப் பயன்படுத்துவது மிகவும் ஆபத்தானது. ஊசியை வெளியே இழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் சிரிஞ்சின் குழலுக்குள் ஏறக்கூடும். அதே சிரிஞ்சைப் பலமுறை மருந்தெடுக்கும் குப்பியில் செலுத்தினால் குப்பி முழுவதும் மாசடைந்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்குத் தொற்று சென்று சேரும். மருந்தெடுக்க வசதியாகக் குப்பியின் இரப்பர் மூடியில் ஓர் ஊசியைக் குத்தியே விட்டு வைப்பதும் தவறானதே. பலமுறை பயன்படும் குப்பியில் திறந்த நாளைக் குறித்து, தயாரிப்பாளர் வேறு காலம் குறிப்பிடாவிடில், 28 நாட்களுக்குள் அப்புறப்படுத்த வேண்டும்.

டப்பாவில் சாராயத்தில் ஊறவைத்த பஞ்சு பல வார்டுகளில் காணப்படும் காட்சி. கைபட்டு மாசடைவதால் இதைப் பயன்படுத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

பயன்படுத்திய ஊசிக்கு இரு கைகளாலும் மீண்டும் மூடி போடுவது ஊசிக் குத்துக்கு முக்கியக் காரணம். தவிர்க்க இயலாதபோது மூடியை மேசை மீது வைத்து, ஒரே கையால் ஊசியை அதனுள் செலுத்த வேண்டும்.

கழிவு அகற்றல்

2016 ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ஊசிகள் துளைபடாத வெண்ணிறக் கொள்கலனிலும், ஊசி நீக்கிய சிரிஞ்சுகள் சிவப்புப் பையிலும் இடப்பட வேண்டும். பணியாளர்களுக்குக் கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி போடுவது நிறுவனத்தின் கடமை. புதுச்சேரி நகரின் முதலியார்பேட்டை உள்ளிட்ட பகுதிகளில் இயங்கும் மருத்துவமனைகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும். ஒன்றியப் பகுதி என்பதால் அங்கு மாநில வாரியத்திற்குப் பதிலாகப் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு இதனைக் கண்காணிக்கிறது.

ஊசிக் குத்து

தொற்றுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி பெறாதவருக்குக் கல்லீரல் அழற்சி பி தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை உண்டு. கல்லீரல் அழற்சி சி தொற்றும் வாய்ப்பு 2 விழுக்காட்டிற்கும் குறைவு, எச்.ஐ.வி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு. குத்திய இடத்தைப் பிழியாமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உடனே பொறுப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்திலும், எவ்வாறாயினும் 72 மணி நேரத்திற்குள்ளும் தொடங்கி, 28 நாட்கள் உட்கொள்வர். கண்டிக்கப்படுவோம் என்ற அச்சத்தால் செவிலியர் பலர் குத்துக் காயங்களைத் தெரிவிப்பதில்லை. தெரிவிக்கப்படாத காயத்திற்கு இம்மருந்து உரிய நேரத்தில் கிடைக்காமல் போகிறது.