கிளுவை வேலிக்குள் ஒரு வளவு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் நன்னீராகத் தங்குகிறது. கடலோர வீட்டு வளவுகள் தலைமுறை தலைமுறையாகச் செழித்தது இந்த மெல்லிய நீர்ப்படையை நம்பித்தான்.

அந்த நீரை அளவோடுதான் இறைத்தார்கள். ஒருவர் துலா என்னும் ஏற்றமரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். கீழே நிற்பவர் பட்டையில் வரும் நீரை வாய்க்காலில் ஊற்றுவார். மனித உழைப்பே எல்லையாக இருந்ததால் கிணறு மறுபடி ஊற நேரம் கிடைத்தது. கிணற்றடியில் குளித்த நீர்கூட வாழைக்கும் கமுகுக்கும் போயிற்று. எல்லையில் கதியால், அதாவது உயிர்வேலிக் கொம்பு, நட்டு வளர்த்த கிளுவையும் பூவரசும் காற்றின் வேகத்தைத் தணித்தன. வெட்டிய குழை ஆட்டுக்குத் தீனி, மண்ணுக்குப் பசளை. வேலி அடைத்த கிடுகும் பனையோலையும் பழுதானபின் தோட்டத்துக்கே உரமாயின. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு!

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் நீரிறைக்கும் இயந்திரம் பரவியது.

துலா மறைந்தது. இறைப்புக்கு எல்லையும் போயிற்று. கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் ஏறியது. வேலிகள் மதில்களாயின. கடலோரத்தில் வீடு கட்டுவோர் கூரை மழையை நிலத்துக்குள் இறக்கட்டும். மதிலுக்குச் சீமெந்து வாங்குமுன் கொஞ்சம் கிளுவைக் கதியாலும் தேடட்டும்.