விரிச்சி: படை கிளம்பிய பின் கேட்ட சொல்

போர் மூண்டால் ஆள்வோருக்கு நல்ல புத்தியைக் கொடு என்று கடவுளிடம் மன்றாடுவது தாம்பரம் வட்டாரத் தேவாலயங்களுக்குப் பழகிய காரியம். அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் அதற்கு அடிப்படை. 1940 மே 26-ஐ தேசியப் பிரார்த்தனை நாளாக ஆறாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்ததும் இந்த மரபில்தான். பழந்தமிழில் இதற்கு ஒரு சொல் தேடினால் முதலில் கைக்கு வருவது 'விரிச்சி', அதாவது தற்செயலாகக் காதில் விழும் சொல்லைத் தெய்வக் குறியாகக் கேட்பது. தெய்வம், காணிக்கை, போர், மன்னன் எல்லாமே அதில் உண்டு. ஆனால் சான்றுகளைக் கூட்டிப் பார்த்தால், விரிச்சி மன்னனுக்கு வழிகாட்டியதாகவே தெரியவில்லை.

முல்லைப்பாட்டில் அது நடக்கும் விதத்தைப் பாருங்கள். மன்னன் பாசறையில் இருக்கிறான். முதிய பெண்கள் நாழி நெல்லும் முல்லைப் பூவும் எடுத்துக்கொண்டு ஊர்ப்புறம் போய், அவற்றைத் தூவித் தொழுது, காத்து நிற்கிறார்கள். பக்கத்தில் ஓர் இடைப்பெண், கயிற்றில் கட்டுண்டு தவிக்கும் கன்றுக்கு, உன் தாய் இதோ வந்துவிடுவாள் என்று ஆறுதல் சொல்கிறாள். அவளுக்குப் போரும் தெரியாது, கேட்டு நிற்பவர்களையும் தெரியாது. தெரியாமல் சொன்னதாலேயே அது தெய்வ வாக்காகிறது. 'விரிச்சி நிற்றல்' என்பதே வழக்கு. வேண்டுதலில் மனிதன் பேசுகிறான். விரிச்சியிலோ அவன் வாயை மூடிக்கொண்டு காது கொடுக்கிறான். இடைப்பெண்ணின் அந்தச் சொல்லைப் பாட்டு 'வாய்ப்புள்' என்றும் சொல்கிறது. பறவையைப் பார்த்துச் சகுனம் அறிந்த 'புள்', மனித வாய்க்கு மாறிய இடம் அது.

இலக்கணம் விரிச்சியை வைத்திருக்கும் வரிசைதான் என் முக்கியச் சான்று. தொல்காப்பியப் புறத்திணையியலில் பகைவரின் ஆநிரையைக் கவரப் போகும் வெட்சி வீரர்கள் வேந்தன் ஏவியவர்கள். அதாவது முடிவு முன்பே எடுத்தாயிற்று. துறைகளில் முதலில் படை கிளம்பும் ஆரவாரம். அதற்கு அடுத்துத்தான் 'பாக்கத்து விரிச்சி'. பிறகு செலவு, அதன்பின் ஒற்றரின் வேய். பல நூற்றாண்டு கழித்து வந்த புறப்பொருள் வெண்பாமாலையிலும் அரவம், விரிச்சி, செலவு, வேய் என்று இதே அடுக்கு. போகலாமா என்று கேட்பதற்காக இருந்திருந்தால் அரவத்துக்கு முன்னால் அல்லவா விரிச்சி வந்திருக்க வேண்டும்? எதிரியின் நிலையை அறிய ஒற்றர்கள் இருந்தார்கள். தெய்வத்தை அந்த வேலைக்கு யாரும் அனுப்பவில்லை.

மன்னர்கள் சகுனமே பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்த்தார்கள். குடைக்கும் வாளுக்கும் நாள்கொள்வதே ஒரு துறை. ஆனால் நாள் பார்ப்பது எப்போது என்பதற்குத்தான். போரே வேண்டுமா என்பதற்கல்ல. விரிச்சி கெட்டதாக வந்தால் படை திரும்பியிருக்காதா என்பது இதைவிட வலுவான மறுப்பு. விரிச்சி பொய்த்த காட்சி புறநானூறு 280-இல் இருக்கிறது. மாறோக்கத்து நப்பசலையார் பாடிய அந்தப் பாட்டில், நெல்லும் நீரும் தூவி விரிச்சி கேட்கும் முதியவளுக்கு நற்சொல் கிடைக்கவில்லை. அதற்குள் வீரன் மார்பில் புண்ணோடு கிடக்கிறான்; திரும்புவதற்கு யார் இருக்கிறார்கள்? குறுந்தொகை 218-இல் தலைவி, சூலிக்கு நேர்வது, கையில் நூல் கட்டுவது, புள் பார்ப்பது இவற்றோடு விரிச்சி நிற்பதையும் சேர்த்து, எதையும் செய்யோம் என்கிறாள். காத்திருக்கும் வீட்டின் பட்டியல் அது. அரசவையின் பட்டியல் அல்ல.

சீட்டெடுத்துத் தெய்வத்தை உண்மையிலேயே முடிவெடுக்கச் சொன்ன முறைக்குப் பிற்காலத்தில் 'திருவுளச்சீட்டு' என்ற பெயர் வந்தது. பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் குடவோலையிலும் ஒன்றும் அறியாத சிறுவனே ஓலையை எடுத்தான். இடைப்பெண்ணின் அறியாமைக்கு இருந்த அதே மதிப்பு இங்கும். ஆனால் அவன் கை பட்டதும் ஒருவர் பதவியில் அமர்ந்தார். விரிச்சியால் அப்படி எதுவும் நடக்கவில்லை. முல்லைப்பாட்டில் அந்த நற்சொல்லை யாரும் பாசறைக்குக் கொண்டுபோகவில்லை. அரசியிடம் சொன்னார்கள், கேட்ட பிறகும் அவள் கண்ணீர் நிற்கவில்லை.