திருமணியில் தொழுநோயும் தோலும்

காட்டாங்குளத்தூரைத் தாண்டித் தெற்கே செல்லும் இரயில் பாதையில் வரும் செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில், சென்னை மாகாண அரசு ஸ்காட்லாந்து திருச்சபை மிஷனின் துணையோடு 1920களில் நிறுவிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை, 1955இல் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்து, தொழுநோய்ப் பயிற்சிக்கும் ஆய்வுக்குமான நிறுவனமாயிற்று.

1873இல் ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, உடலின் குளிர்ந்த பகுதிகளையே நாடுவதால், தோலிலும் அதையொட்டிய நரம்புகளிலும் தங்கி, வலியையும் சூட்டையும் உணர்த்தும் நரம்புகளோடு வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகளையும் சிதைக்கிறது; வியர்வை நின்ற தோல் வறண்டு வெடிக்க, வலி தெரியாத காயம் கவனிப்பாரற்றுப் புண்ணாகிறது. விரல்கள் தாமாக அழுகி உதிர்வதாக ஊரார் நம்பியது (மருத்துவரும் பலர் நம்பினர்) தவறென்பதை வலியுறுத்தியவர், 1947இல் இங்கு வந்து நோயாளிகளைக் கண்டபின் வேலூரில் கைச்சீரமைப்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிய பால் பிராண்டு.

அவரை அழைத்துவந்த ராபர்ட் காக்ரேன், நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகச் செலுத்திய பழைய முறைக்கு மாற்றாக, டாப்சோன் என்னும் சல்போன் மருந்தை 1940களில் திருமணியில் சோதித்தார். 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையிலும் டாப்சோன் இடம்பெற்றது. எனினும் உணர்விழந்த பாதத்தை நாள்தோறும் நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, காயம் உண்டா என்று கண்ணால் பார்க்கும் எளிய பழக்கத்துக்கு இன்றும் மாற்றில்லை.