சீனியத் தொடுறதே இல்ல டாக்டர்: உடன்குடிக் கருப்பட்டியின் கதை

1/
"டாக்டரய்யா, நான் சீனியத் தொடுறதே இல்ல. காலைலயும் சாயந்தரமும் கருப்பட்டிக் காப்பிதான். பொறவு எப்படி சுகர் ஏறுது?"

உடன்குடிப் பக்கமிருந்து வந்த ஒரு ஆச்சி கேட்டது. பதில் ஒரு வரிதான். ஆனா அதுக்குப் பின்னால நூறு வருசத்துக் கதை இருக்கு. நீளமான த்ரெட், பொறுமையா வாசிங்க.

2/
தாமிரபரணி பாயுற இடத்துல நெல்லும் வாழையும். ஆத்துத் தண்ணி எட்டாத தெற்குப் பக்கம் தேரி மணலும் பனையும். உடன்குடி இந்த ரெண்டாவது பூமி. இங்க அடுப்பங்கரையோட நாள்காட்டியை எழுதினது மழை இல்ல, பனை.

3/
பங்குனியில பாளை சீவ ஆரம்பிச்சா ஆடி வரைக்கும் பதநீர். கூடவே நுங்கு. பட்டையில ஊத்தின பதநீருக்குள்ள நுங்கைப் போட்டுக் குடிச்சவங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ஆடி கழிஞ்சா பனம்பழம், சுட்டுத் திங்க. அந்தக் கொட்டையை மண்ணுல புதைச்சா மார்கழி, தையில பனங்கிழங்கு. மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்ச கிழங்கு இல்லாம எங்க ஊர்ப் பொங்கல் கிடையாது.

4/
இதுல கார்த்திகை தனி. பச்சரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய்ப்பூ, வறுத்த சிறுபயறு, கொஞ்சம் சுக்கு, ஏலக்காய். பனங்குருத்தோலைக்குள்ள வச்சுக் கட்டி அவிச்சா ஓலைக்கொழுக்கட்டை. மூடியத் திறந்ததும் வர்ற ஓலை வாசத்துக்கே பாதி வயிறு நிறையும்.

5/
பதநீர் பொழுது ஏற ஏறப் புளிச்சுப் போற சாமான். அதனாலதான் கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுறாங்க. சுண்ணாம்பு புளிப்பைத் தடுக்கும். புளிச்சா சர்க்கரை உடையும். உடைஞ்சா எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகாது. இந்த வேதியியலை நம்ம ஆட்கள் புத்தகம் இல்லாமலே கண்டுபிடிச்சாங்க.

விடிலியில பனை மட்டையும் ஓலையும் எரிச்சு மணிக்கணக்காக் காய்ச்சி, சிரட்டையில ஊத்தி ஆற வச்சா கருப்பட்டி. சுக்கு சேர்த்துச் சின்னதா வார்த்தா சில்லுக்கருப்பட்டி.

6/
இப்ப வரலாறு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனி நிர்வாகத்தில் பனைச் சர்க்கரை ஆலை ஒன்று நடந்தது. அதற்காக ஒரு குட்டி ரயிலே ஓடியது! இரண்டடி அகலத் தண்டவாளம். திருச்செந்தூர், உடன்குடி, திசையன்விளை ஊர்களைத் தொட்டுப் போன பாதை. 1910-களில் தொடங்கி 1940-ல் நின்று போனது. இன்று தண்டவாளம் கிடையாது. அதே குலசேகரன்பட்டினத்தில் 2024-ல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள்.

7/
ரயில் போனது, ஆனால் வெள்ளைச் சீனி போகவில்லை. கரும்புச் சீனி மலிவாக மளிகைக் கடைக்கு வந்தது. வருசம் முழுக்க, எந்த மாசமும், எவ்வளவு வேணும்னாலும்! கருப்பட்டி நம்ம அடுப்பங்கரையில இருந்து மெதுவா வெளியேறினது இப்படித்தான். கள் இறக்கிப் பிழைச்சவங்களுக்கு மாற்று வேலையாகப் பனைவெல்லத்தைக் காந்தி முன்வைத்ததும், அதற்குப் பின் கதர்க் கடைகளில் அது விற்றதும் இந்த ஓட்டத்தை நிறுத்தவில்லை.

8/
இப்போ கருப்பட்டி திரும்பி வந்திருக்கு, மருந்து வேசத்துல. "சுகருக்கு நல்லது", "ரத்தம் ஊறும்"னு. இங்கதான் டாக்டரா நான் குறுக்க நிக்கணும்.

கருப்பட்டியில பெரும்பங்கு சுக்ரோஸ். சீனியிலும் அதேதான். கொஞ்சம் தாதுக்கள் கூட இருக்கு, உண்மை. ஆனா ஒரு காப்பிக்குப் போடுற துண்டுல அது ரத்தசோகையக் குணமாக்காது. சர்க்கரை நோயாளிக்கு ரெண்டு வேளைக் கருப்பட்டிக் காப்பின்னா ரெண்டு வேளைச் சர்க்கரை. அவ்வளவுதான்.

9/
"அப்போ எங்க தாத்தா தின்னாரே, அவருக்கு வரலையே?"

தாத்தா தின்னது உண்மை. ஆனா அவர் அதை அளந்து தின்னார். சீசன்ல காய்ச்சினது, பானையில போட்டு அடுப்புக்கு மேல பரண்ல வச்சது, அடுத்த பங்குனி வரைக்கும் வரணும். அதோட அவர் நாள் முழுக்க உழைச்சார். 60 அடிப் பனை, தினம் 30, 40 மரம், காலையும் மாலையும். அந்த உடம்புக்குப் போன இனிப்பை, நாற்காலியில உக்காந்திருக்கிற நம்ம உடம்புக்குக் கணக்குப் போடாதீங்க.

10/
அந்த ஏற்றத்துக்கு விலையும் உண்டு. பனையில இருந்து விழுந்து முதுகுத்தண்டு ஒடிஞ்சு, இடுப்புக்குக் கீழ அசைவில்லாமப் போனவங்களப் பாத்த எந்த டாக்டருக்கும் கருப்பட்டி வெறும் இனிப்பு இல்ல. அடுத்த தலைமுறை மரம் ஏற வரல. அவங்களக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

11/
2023-ல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோசம். ஆனா பேர் பெருசானா போலியும் பெருசாகும். சீனிப்பாகு கலந்தது நிறைய வருது.

ஒரு சின்னக் கணக்கு: ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதநீர் வேணும். அதை இறக்குற கூலி, காய்ச்சுற விறகு, ஒரு நாள் உழைப்பு எல்லாம் கூட்டுங்க. சீனி விலைக்குப் பக்கத்துல ஒருத்தர் "ஒரிஜினல்" தந்தா, அது எப்படிக் கட்டுப்படியாகும்?

12/
கடைசியா நான் ஆச்சிகிட்ட சொன்னது: "தினக் காப்பிக்கு இனிப்பு வேண்டாம் ஆச்சி. கார்த்திகைக்கு ஒரு கொழுக்கட்டை தின்னுங்க, நல்ல கருப்பட்டியில. தைக்குக் கிழங்கு, அளவா. மாத்திரைய மட்டும் விட்டுராதீங்க."

ஆச்சி யோசிச்சுட்டுச் சொன்னாங்க: "எங்கம்மையும் அப்படித்தான்யா தருவா. கேட்டதும் தர மாட்டா. நாளு வரட்டும்பா."

நான் பன்னிரண்டு பகுதியா எழுதினதை ஆச்சியோட அம்மை ரெண்டு வார்த்தையில சொல்லிட்டாங்க. நம்ம நாக்கு இப்போ நாளுக்குக் காத்திருக்கிறதில்ல. இந்த வருசமாவது காத்திருந்து பாருங்க.