பகிர் நிரலகப் பிழையும் பைத்தான் பொதிகளும்

லினக்சு இயங்குதளத்தில் பைத்தான் பொதி ஒன்றை 'இம்போர்ட்' கட்டளையால் அழைக்கும்போது, அப்பொதிக்குத் தேவையான பகிர் நிரலகம் கணினியில் கிடைக்காவிட்டால் ஏற்படும் பிழை பகிர் நிரலகப் பிழை எனப்படும். 'இம்போர்ட் எரர்' என்று தொடங்கும் இச்செய்தி ஒரு நிரலகத்தின் பெயரைக் குறிப்பிட்டு, அக்கோப்பைத் திறக்க இயலவில்லை, அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை என்று முடியும். 'பிப்' கருவி பொதியை வெற்றிகரமாக நிறுவியதாக அறிவித்த பின்னரும் இப்பிழை தோன்றுவதால், புதிதாகக் கற்போர் பைத்தானிலேயே குறை இருப்பதாக எண்ணிவிடுகின்றனர். உண்மையில் இச்செய்தி இயங்குதளத்தின் இயங்குநேர இணைப்பியிடமிருந்து வருகிறது. பைத்தான் அதை அப்படியே எடுத்துக் காட்டுகிறது. நிரல்களைப் பலரும் பகிர்ந்து பயன்படுத்துவதா, அவரவர் தமக்கெனச் சுமந்து செல்வதா என்ற பழைய கேள்வியிலிருந்து பிறந்ததே இப்பிழை.

பகிர்வின் தொடக்கம்

தொடக்கக் காலக் கணினிகளில் ஒரு நிரலுக்குத் தேவையான துணை நிரல்கள் அனைத்தும் அந்த நிரலுக்குள்ளேயே படியெடுத்து வைக்கப்பட்டன. நூறு நிரல்கள் இருந்தால், அச்சிடும் துணை நிரலுக்கும் நூறு படிகள் இருக்கும். இதனால் வட்டிலும் நினைவகத்திலும் இடம் வீணாயிற்று. 1960களில் உருவான மல்டிக்சு இயங்குதளம், நிரல் ஓடும்போதே துணை நிரல்களை இணைத்துக்கொள்ளும் முறையைக் கையாண்டது. யுனிக்சு உலகில் இம்முறை பரவலாவதற்குச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4.0 பெரிதும் வழிவகுத்தது. அதை அடுத்து, சிஸ்டம் ஃபைவ் யுனிக்சின் நான்காம் வெளியீட்டில் 'எல்ஃப்' என்ற கோப்பு வடிவம் அறிமுகமானது.

பகிர்வினால் இரண்டு நன்மைகள் கிடைத்தன. ஒரே படியைப் பல நிரல்கள் பயன்படுத்துவதால் இடம் மிச்சமானது. ஒரு நிரலகத்தில் குறை கண்டால், அந்த ஒரு கோப்பைத் திருத்தினாலே எல்லா நிரல்களும் திருந்தின. நிரல் ஓடும் நேரத்தில் அக்கோப்பு உரிய இடத்தில் இருந்தாக வேண்டும் என்பதே இதற்கான விலை.

லினக்சில் நிரலக எண்கள்

லினசு டோர்வால்ட்சு 1991-இல் வெளியிட்ட லினக்சில், முதலில் ஒவ்வொரு பகிர் நிரலகத்துக்கும் நினைவகத்தில் நிலையான முகவரி ஒன்று ஒதுக்கப்பட்டது. இரு நிரலகங்கள் ஒரே முகவரியைக் கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் இம்முறை தொல்லை தந்தது. 1995 வாக்கில் லினக்சு எல்ஃப் வடிவத்துக்கு மாறத் தொடங்கியது.

எல்ஃப் நிரலகத்தின் பெயரோடு பொதுவாக ஒரு பதிப்பெண்ணும் சேர்ந்திருக்கும். 'லிப்சி.எஸ்ஓ.6' என்பதில் உள்ள 6 அத்தகைய எண். பழைய நிரல்களோடு ஒத்துப்போகாத மாற்றம் வந்தால் இவ்வெண் உயர்த்தப்படும். சி மொழியின் அடிப்படை நிரலகம் 5-இலிருந்து 6-க்கு மாறியபோது பயனர்கள் இதை நேரில் கண்டனர். 1997-இல் ரெட் ஹாட் லினக்சு 5.0-உம், 1998-இல் டெபியன் 2.0-உம் புதிய குனூ நிரலகத்துக்கு மாறின. பழைய நிரல்களை ஓட்ட விரும்பியோர் பழைய நிரலகத்தையும் உடன் வைத்திருக்க வேண்டியதாயிற்று.

எனவே நிரலகத்தின் எண் ஓர் உடன்படிக்கை போன்றது. 1 எண்ணுள்ள நிரலகத்தை ஒரு பொதி கேட்கும்போது கணினியில் 2 எண்ணுள்ளது மட்டும் இருந்தால், இணைப்பி 'இல்லை' என்றே சொல்லும்.

இரண்டு கணக்குப்பிள்ளைகள்

கைடோ வான் ரோசம் உருவாக்கிய பைத்தான் 1991-இல் வெளியானது. விரைவு தேவைப்படும் பகுதிகளை சி மொழியில் எழுதி, நீட்டிப்புக் கூறுகளாகப் பைத்தானில் இணைக்க முடியும். லினக்சில் இக்கூறுகளும் '.எஸ்ஓ' கோப்புகளே. அவற்றை அழைக்கும்போது பைத்தான் இணைப்பியின் உதவியை நாடுகிறது. அக்கூறு வேறு நிரலகங்களைக் கேட்டால், அவற்றையும் தேடும் பொறுப்பு இணைப்பியுடையது.

பைத்தான் பொதிகளுக்கான 'பைப்பிஐ' களஞ்சியம் 2003-இலும், பிப் கருவி 2008-இலும் வந்தன. பிப், ஒரு பைத்தான் பொதி வேறெந்தப் பைத்தான் பொதிகளைச் சார்ந்துள்ளது என்பதை அறியும். இயங்குதளத்தின் சி நிரலகங்களைப் பற்றி அது அறியாது. அவற்றின் கணக்கு டெபியனின் 'ஆப்ட்', பெடோராவின் 'டிஎன்எஃப்' போன்ற கருவிகளிடம் இருக்கிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள் இருந்தும் ஒருவர் ஏட்டை மற்றவர் பார்ப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் பகிர் நிரலகப் பிழை தோன்றுகிறது. 2012-இல் வந்த 'கோண்டா' கருவி, சி நிரலகங்களையும் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டு இதற்கு ஒரு விடை கண்டது.

சக்கரப் பொதிகள்

முன்கூட்டியே கம்பைல் செய்த 'வீல்' என்ற பொதி வடிவத்தைப் பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு 427 வரையறுத்தது. லினக்சு வகைகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டதால், லினக்சுக்கான இத்தகைய பொதிகளைப் பைப்பிஐ நெடுநாள் ஏற்கவில்லை. பயனர்கள் மூலநிரலைத் தம் கணினியிலேயே கம்பைல் செய்ய வேண்டியிருந்தது.

2016-இல் வந்த முன்மொழிவு 513, 'மெனிலினக்சு1' என்ற தரத்தை வகுத்தது. எல்லா லினக்சு கணினிகளிலும் இருக்கும் என்று கருதத்தக்க சில நிரலகங்களை அது பட்டியலிட்டது. மற்றவை எல்லாவற்றையும் பொதிக்குள்ளேயே வைத்துக் கட்ட வேண்டும் என்றது. குனூ சி நிரலகத்தின் பழைய பதிப்பில் கட்டியது புதியதில் ஓடும், ஆனால் புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று சொல்ல முடியாது. அதனால் 2007-இல் வெளியான சென்ட்ஓஎஸ் 5 அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. பின்னர் சென்ட்ஓஎஸ் 6, 7 ஆகியவற்றை ஒட்டி 2010, 2014 என்ற தரங்களும் வந்தன.

இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு பிழைகள் பெரிதும் குறைந்தன. ஆனால் அப்பட்டியல் திரையுள்ள மேசைக்கணினியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. வரைகலைக்கான 'லிப்ஜிஎல்.எஸ்ஓ.1' எங்கும் இருக்கும் என்று அது கருதியது. 2013-இல் அறிமுகமான டாக்கர் வழியாகப் பரவிய சிறிய கொள்கலன்களில் திரையும் இல்லை, அந்நிரலகமும் இல்லை. படச் செயலாக்கத்துக்கான 'ஓப்பன்சிவி' பொதியை அங்கு அழைத்தவர்கள் இப்பெயரைப் பிழைச்செய்தியில் அடிக்கடி கண்டனர்.

சுமந்து செல்வதன் விலை

எல்லாவற்றையும் பொதிக்குள் கட்டிவிடுவதிலும் இடர் உண்டு. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் 'ஹார்ட்பிளீட்' என்ற பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. பகிர் நிரலகத்தைப் புதுப்பித்து நிரல்களை மீண்டும் தொடங்கிய கணினிகளில், அதைச் சார்ந்த நிரல்கள் அனைத்தும் ஒருசேரத் திருந்தின. பொதிக்குள் தனிப்படி இருந்தால், அப்பொதியின் புதிய வெளியீடு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான 'சைகோபிஜி2' பொதி இதற்கு வேறொரு எடுத்துக்காட்டு. அதன் 2.7 பதிப்பின் வீல் பொதியில் அடங்கிய ஓப்பன்எஸ்எஸ்எல் படி, பைத்தான் பயன்படுத்திய படியோடு மோதி, சில வேளைகளில் நிரல் நிலைகுலைந்தது. எனவே 2019-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து, கட்டிய பொதி 'பைனரி' என்ற பின்னொட்டுடன் தனிப் பெயரில் வழங்கப்படுகிறது.

தீர்க்கும் முறைகள்

பிழைச்செய்தியில் உள்ள நிரலகத்தின் பெயரையும் எண்ணையும் முழுமையாகக் குறித்துக்கொள்வது முதற்படி. பொதியின் '.எஸ்ஓ' கோப்பின் மீது 'எல்டிடி' கட்டளையை இயக்கினால், கிடைக்காத நிரலகங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் தெரியும். நம்பத்தகாத கோப்புகளின் மீது இக்கட்டளையை இயக்கலாகாது.

நிரலகம் கணினியிலேயே இல்லையெனில், அதைத் தரும் பொதியை 'ஆப்ட்-ஃபைல்' அல்லது 'டிஎன்எஃப் புரொவைட்ஸ்' கொண்டு கண்டறிந்து நிறுவலாம். மேற்கண்ட லிப்ஜிஎல் பிழைக்கு டெபியனில் 'லிப்ஜிஎல்1' பொதி போதும். திரை தேவையில்லாதவர்கள் ஓப்பன்சிவியின் 'ஹெட்லெஸ்' வகையை நிறுவலாம். நிரலகம் இருந்தும் இணைப்பி தேடாத அடைவில் இருந்தால், அவ்வடைவை இணைப்பியின் அமைப்புக் கோப்பில் சேர்த்து 'எல்டிகான்ஃபிக்' கட்டளையை இயக்க வேண்டும். 'எல்டி லைப்ரரி பாத்' என்ற சூழல் மாறி சோதித்துப் பார்க்க உதவும். அதை நிலையாக வைத்தால் பிற நிரல்களும் பாதிக்கப்படலாம்.

2 எண்ணுள்ள நிரலகத்துக்கு 1 என்று பெயரிட்டுக் குறியிணைப்புச் செய்வது பலர் நாடும் குறுக்குவழி. பிழைச்செய்தி மறைந்தாலும் நிரல் பின்னர் எதிர்பாராமல் நிற்கலாம். தவறான விடையும் தரலாம். பிழைச்செய்தி உடனே வருவது இதைவிட நன்று. குனூ சி நிரலகத்தின் குறிப்பிட்ட பதிப்பு இல்லை என்று வரும் செய்தி இதனின்றும் வேறானது. அங்கே கோப்பு இருக்கிறது, ஆனால் பழையது. இயங்குதளத்தைப் புதுப்பிப்பதோ பொதியின் பழைய பதிப்பை நிறுவுவதோ அதற்குத் தீர்வாகும். அந்நிரலகத்தை மட்டும் கையால் மாற்றினால் கணினியே இயங்காமல் போகலாம்.

இன்றைய நிலை

2021-இன் முன்மொழிவு 656, 'மசுல்' என்ற மாற்று சி நிரலகத்தைக் கொண்ட ஆல்பைன் போன்ற லினக்சு வகைகளுக்கும் வீல் பொதிகளை வழங்க வழிசெய்தது. பைத்தான் பொதி தனக்குத் தேவையான வெளி நிரலகங்களைத் தன் விவரக்கோப்பிலேயே அறிவிக்கும் முறையை 2023-இல் எழுதப்பட்ட முன்மொழிவு 725 முன்வைத்தது. இத்தகைய முறை நடைமுறைக்கு வந்தால், எந்த நிரலகம் தேவை என்பதைப் பொதியை நிறுவும்போதே கருவிகள் அறிந்து பயனருக்குத் தெரிவிக்க இயலும்.